மண்ணால் செய்த ஆடு

கொல்லாமையே தலையாய அறம் என்பதில் சமணக் குடும்பங்களில் பிறந்த நமக்குள் இருவேறு கருத்து இல்லை. அதைப் பிறருக்கு எடுத்துரைக்கும் முறையில்தான் சிந்திக்க வேண்டியது மிகுதி. உண்மை நம்மிடம் உள்ளது, சொன்னால் போதும், கேட்பவர் ஏற்க வேண்டியதுதானே என்று எண்ணிவிடுகிறோம்.

நீலகேசிக் காவியத்தின் தொடக்கத்தை நினைவுகூர்வோம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு 1936இல் பதிப்பித்து அளித்த நூல் அது. நீலகேசி என்றதும் அவள் பௌத்தரோடும் பிற சமயத்தாரோடும் நிகழ்த்திய வாதங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் முன்னர் நிகழ்வது ஒரு சிறிய அறிவுரை. பாஞ்சால நாட்டு அரசிக்கு மகப்பேறு வாய்க்கிறது. அதற்கு நன்றியாகக் காளிக்குப் பலியிட விலங்குகளும் பறவைகளும் கொண்டுவரப்படுகின்றன. அங்குத் தவமியற்றிய முனிச்சந்திரர், காளியே பொய் என்றாரா? நேர்த்திக்கடன் அறியாமை என்றாரா? உயிருள்ளவற்றுக்கு மாறாக மண்ணால் செய்த உருவங்களைப் படையுங்கள் என்றார், அவ்வளவே. ஒரு தாயின் அச்சத்தையும் நன்றியையும் அவர் இகழவில்லை. அவற்றுக்கு வேறொரு வழியைக் காட்டினார். ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பித்த விதியும் இதுவே: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க.

பலி நின்றதால் சினந்து வந்த நீலி அவரை அச்சுறுத்தினாள், அரசகுமாரி வடிவில் மயக்கவும் முயன்றாள். முனிவர் வெகுளவில்லை. பின்னர் அவளே அவரிடம் அறம் கேட்டு மாணவியானாள்.

யசோதர காவியம் படித்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். தாயின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் பல பிறவிகளில் விலங்குகளாய்ப் பிறந்து துன்புற்றனர். மாக்கோழி பாவமெனில் மண்ணுரு எவ்வாறு அறமாகும்? யாம் கருதுவது இது. யசோதரன் கொல்லும் எண்ணத்தோடு வாளை ஓங்கினான். அந்த எண்ணமே வினையாயிற்று. முனிச்சந்திரர் சொன்னது வெட்டுதலை அன்று, படைத்தலை. கேட்பவரின் நிலைக்கு இறங்கிச் செல்லலாம்; ஆனால் அறத்தை விட்டுக்கொடுத்து இறங்கலாகாது. இவ்வெல்லையைக் காண்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் இங்கு 1950இலேயே இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அதனைக் கண்டிப்புடன் செயல்படுத்துமாறு 2003 ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. நம்மவர் பலர் மகிழ்ந்தனர். சிற்றூர் மக்களோ, தம் குலதெய்வத்தையே பறிக்க வந்ததாக அதைக் கொண்டனர். எதிர்ப்பு வலுத்தது, 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறப்பித்து அச்சட்டத்தையே அரசு நீக்கியது. முனிச்சந்திரரைப் போல அம்மக்களிடம் அமர்ந்து பேசியவர் எத்தனை பேர்?

யாம் வாழும் சங்ககிரி லாரித் தொழிலால் வாழும் ஊர். ஆயுத பூஜையன்று லாரியின் முன் பூசணிக்காய் உடைத்தும் அச்சம் தீராமல், வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் சென்ற மகன் நலமாகத் திரும்பவேண்டும் என்று முனியப்பனுக்கு ஆடு நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் இங்கு உண்டு. அண்டை வீட்டு அம்மையார் ஒருவரிடம் இதுபற்றிப் பேசியபோது, அவர் ஏளனமின்றி எம்மைக் கேட்டார்: “டீச்சரம்மா, உங்க வீட்டுக் கல்யாணத்துப் பட்டுச் சேலைக்கு எத்தனை புழுவை வேக வைக்கிறாங்க?”

கூட்டைத் துளைத்து அந்து வெளிவந்தால் நூலிழை அறுந்துவிடும். ஆதலால் உள்ளே உயிர் இருக்கும்போதே கூடுகளை வெந்நீரில் இடுகின்றனர். நம் இல்லங்களில் இதை அறியாதார் இல்லை. ஆயினும் மணப்பந்தலில் பருத்திச் சேலை உடுத்த எத்தனை குடும்பங்கள் இசையும்? அநேகாந்தத்தை ஏடுகளில் போற்றும் நாம், அந்த அம்மையாரின் கேள்வியிலும் உண்மையின் ஒரு கூறு உண்டென்று ஏற்றாக வேண்டும். ஏற்றோம். தறிக்கூடங்கள் சூழ்ந்த இப்பகுதியில் நல்ல பருத்திச் சேலைக்குப் பஞ்சமில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகுதான் மகனைப் பற்றியும், இரவெல்லாம் அவன் தொலைபேசி அழைப்புக்காக விழித்திருப்பதைப் பற்றியும் மனம் விட்டுப் பேசினார்.

அவ்வாண்டு அவர் நேர்ந்த ஆட்டை வெட்டவே செய்தார். அதன் பின்னரும் மாலை வேளைகளில் எம் திண்ணைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை, பேச்சும் முடியவில்லை.