முற்றத்தில் ஒரு கதண்டுக் கூடு

டேராடூன் போன்ற இமயமலை அடிவார ஊரில் ஒரு வீடு. அதன் முற்றத்தில் ஒரு லிச்சி மரம். மழைக்காலம் முடியும் தறுவாயில், தாழ்ந்த கிளையின் மறைவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கதண்டுக் கூடு இல்லத்தலைவரின் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தடியில்தான் பேரக்குழந்தை விளையாடுகிறது. அவரோ நாள்தோறும் ஜபம் செய்பவர்; எறும்புக்கும் தீங்கு நினையாதவர். அவர் என்ன செய்வது?

முதலில் அந்தக் கூட்டைச் சற்றுக் கவனிப்போம். வசந்த காலத்தில் தாய்க் கதண்டு தன்னந்தனியாக மரத்தைச் சுரண்டி, உமிழ்நீரோடு மென்று, காகிதம் போன்ற தகடாக்கி அதைக் கட்டத் தொடங்குகிறது. முதலில் பிறந்த மகள்கள் வளர்ந்து வேலையை ஏற்றுக்கொண்டதும் கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. புழு பூச்சிகளைப் பிடித்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. தோட்டக்காரருக்கு அது உதவி. தேனீ வளர்ப்பவருக்கு நஷ்டம். கூட்டை நெருங்காதவரை அவை பெரும்பாலும் எவரையும் தேடி வருவதில்லை. நெருங்கினால் நிலைமை வேறு. தேனீ ஒருமுறை கொட்டியதும் கொடுக்கை இழக்கும். கதண்டு மீண்டும் மீண்டும் கொட்டும். ஆபத்தை உணர்ந்த ஒன்று வெளியிடும் வாசனை மற்றவற்றையும் அழைத்துவிடும். நஞ்சு ஒவ்வாத உடலுக்கு ஒரே கொட்டுகூட உயிரைப் பறிக்கலாம்.

இதில் தீய எண்ணம் எங்கும் இல்லை. கதண்டு தன் குஞ்சுகளைக் காக்கிறது. இல்லத்தலைவர் தம் பேரனைக் காக்க நினைக்கிறார். குற்றவாளி என்று யாரேனும் இருந்தால் முடிவு எளிதாக இருந்திருக்கும்.

பெரும்பாலோர் ஒரு சுலபமான வழி கண்டிருக்கிறார்கள். ஆளை அழைத்துக் கூலி பேசிவிட்டு, இரவில் அவன் தீப்பந்தத்தோடு வரும்போது பூஜையறைக்குள் போய்விடுவார்கள். கை சுத்தமாக இருக்கிறதல்லவா! பதஞ்சலி மகரிஷி இந்தக் கதவை அடைத்துவிட்டார். தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதை ஆமோதிப்பது ஆகிய மூன்றும் ஹிம்சையே என்கிறது யோக சூத்திரம். லோபம், குரோதம், மோகம் என்று அதன் வேர்களையும் அது சுட்டுகிறது. கூலி கொடுத்தவரின் பங்கு கூலியோடு தீர்ந்துவிடுவதில்லை.

நம் இல்லத்தலைவர் வேறு வழியை நாடுகிறார். குளிர் மிகுந்த இடங்களில் குளிர்காலத்தோடு கூடு தானே ஓய்ந்துவிடும். புதிய ராணிகள் மட்டும் வேறிடங்களில் பதுங்கிப் பிழைத்திருக்கும். பழைய கூட்டுக்கு அவை திரும்புவதில்லை. ஆகவே பின்கதவைப் பூட்டி, குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் பொறுப்பது என்று தீர்மானிக்கிறார். உயரமான கிளையாகவோ ஆள் நடமாட்டமற்ற மூலையாகவோ இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்குக் குழாயடி அந்த மரத்தின் கீழேதான். வேலை போய்விடுமோ என்று அவள் எதுவும் சொல்வதில்லை; முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்து போகிறாள். அவருடைய கருணைக்கு விலை கொடுப்பது அவள் உடல். பிறர் உடலைப் பணயம் வைத்துத் தன் விரதத்தைக் காப்பது அஹிம்சையா?

1926-இல் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி வெறிநாய்க்கடிக்கு அஞ்சி அறுபது தெருநாய்களைக் கொல்வித்தார். காந்தியடிகள் அதை வேறு வழியற்ற செயலாகவே கருதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து எழுதி அவர் விடையளித்தார். கொல்வது ஹிம்சைதான் என்பதை அவர் மறுக்கவில்லை. குறையுள்ள மனிதனுக்குச் சில வேளைகளில் அதைத் தவிர்க்க இயலாது என்றார். இல்லறத்தாரின் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் மனு ஸ்மிருதி கொலைக்களங்களாகவே எண்ணுகிறது. அவற்றுக்குப் பிராயச்சித்தமாகவே ஐம்பெரும் வேள்விகளை விதிக்கிறது. தூய கை என்று ஒன்று இல்லறத்தில் இருப்பதாக அந்நூல் கருதவில்லை.

இல்லத்தலைவர் பயிற்சி பெற்றவர்களை அழைக்கிறார். அதுவரை குழாயடிக்கு யாரும் போகவேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் தாமே சொல்கிறார். கல்லெறியும் சிறுவர்களைத் தடுக்கிறார். இரவில் வேலை நடக்கும்போது அவர் பூஜையறைக்குள் போகவில்லை. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று முடியும்வரை பார்க்கிறார்.

காலையில், இரவில் வெளியே தங்கிவிட்ட நாலைந்து கதண்டுகள் திரும்பி வந்து, கருகிய கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. பேரன், அவை எதைத் தேடுகின்றன என்று கேட்கிறான். வீட்டை, என்கிறார் அவர்.