இறந்தவரின் ஊர் எது? மியாவ் மக்களின் ஆன்மக் கோட்பாடு

தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை நிலம். மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்துக் கூம்புக் குன்றுகளையும் குகைகளையும் உருவாக்கியிருக்கிறது. இந்த மாகாணத்து மலையூர்களில் வாழும் மியாவ் மக்களின் சமயம், இறந்தவர் எந்த ஊருக்கு உரியவர் என்ற கேள்வியை ஆழமாக எதிர்கொண்டிருக்கிறது.

தம் முன்னோர் கிழக்குச் சமவெளியில் வாழ்ந்தனர், போரில் தோற்று மலையேறினர் என்பது மியாவ் மரபு. அந்த நினைவு இறுதிச் சடங்கில் உயிரோடு இருக்கிறது. சடங்கை நடத்துபவர் இறந்தவரின் ஆன்மாவுக்கு வழிகாட்டிப் பாடுகிறார். முன்னோர் கடந்துவந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்த வழியே அதைத் தாயகத்துக்கு அனுப்புகிறார்.

குய்யாங் நகரை அடுத்த காவ்போ பகுதியில் தாயகம் திரும்பும் இந்த ஏக்கம் கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெற்றது. அங்கே சவப்பெட்டிகளை மண்ணில் புதைக்காமல், மரச்சட்டங்களின் மேல் ஏற்றிக் குகைகளில் அடுக்கிவைத்தனர். என்றேனும் தாயகம் திரும்பும் நாளில் முன்னோரையும் உடன் கொண்டுசெல்லவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்லப்படுகிறது.

சோங்ஜியாங் வட்டத்திலுள்ள பாஷா என்ற ஊரின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. குழந்தை பிறந்தால் அங்கே ஒரு மரம் நடுகிறார்கள். அவர் இறக்கும்போது அந்த மரமே சவப்பெட்டியாகிறது. புதைத்த இடத்தில் மேடும் இல்லை, கல்லும் இல்லை. புதிய கன்று ஒன்று நடப்படுகிறது. மரத்தை உயிரின் தொடக்கமாகக் காண்பது தென்கிழக்குக் குய்சோ மியாவ் மக்களின் பழைய எண்ணம். அவர்களுடைய படைப்புக் கதையில் நறும்பிசின் மரத்திலிருந்து வண்ணத்துப்பூச்சித் தாய் பிறக்கிறாள். அவள் இட்ட 12 முட்டைகளிலிருந்து முதல் மனிதனான ஜியாங் யாங்கும், இடியும் புலியும் பிறவும் உடன்பிறப்புகளாக வெளிவருகின்றன.

குகை திரும்பிப் போவதைப் பேசுகிறது; மரம் வேரூன்றுவதைப் பேசுகிறது. இவை முரணானவையா? மியாவ் மக்களிடையே பரவலாக உள்ள மூன்று ஆன்மா நம்பிக்கை இதற்கு விடை தருகிறது. இறந்தபின் ஓர் ஆன்மா கல்லறையில் தங்கும். இன்னொன்று வீட்டில் இருந்து சந்ததியைக் காக்கும். மூன்றாவது முன்னோரின் நாட்டுக்குப் போகும். வாழ்ந்த மண், பெற்ற குடும்பம், இழந்த தாயகம் மூன்றுக்கும் மனிதர் ஒருசேர உரியவராகிறார்.

ஓர் இடத்துக்கு உரியவராக வேண்டுமானால் மற்றொன்றை மறந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை இந்த நம்பிக்கை மறுக்கிறது. புலம்பெயர்ந்தோரிடம் ஒரே ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் உலகில் இது மதிப்புமிக்க சிந்தனை. இவ்வூர்களைக் காண வருவோருக்கு இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது: குகையும் தோப்பும் இறந்தவர் இன்னும் உறவாடும் இடங்கள். அவற்றை வெறும் காட்சிப்பொருளாகப் பார்ப்பது அந்த உறவை அவமதிப்பதாகும்.