அன்பும் நுழைவுச்சீட்டும்

மனிதன் பொருள் கொடுத்து வாங்குவன பல. அரிசி வாங்குகிறான், துணி வாங்குகிறான், அதில் குறை கண்டால் மறுமுறை அந்தக் கடையின் படியை மிதிப்பதில்லை. இதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை. ஆயின் பொருளைக் கொடுத்துவிட்டுப் பொருளால் அளக்க இயலாத ஒன்றைப் பெற்று வரும் இடங்களும் உண்டு. கோயில் உண்டியலில் இடும் காணிக்கை அத்தகையது. ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குக் கொடுக்கும் நன்கொடை அத்தகையது. இவ்வரிசையில் கால்பந்து மைதானத்தின் நுழைவுச்சீட்டையும் சேர்க்கலாம் என்றால் பெரியோர் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நம் இல்லங்களில் வளரும் இளைஞர்களைக் கேட்டுப் பார்த்தால் அது நகைக்கத்தக்கது அன்று என்பது விளங்கும்.

அவர்கள் நேசிக்கும் கழகத்தை நடத்துவோர் அதன் பணத்தைச் சீர்கெடச் செய்கிறார்கள். தந்த வாக்கை மறக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிடுகிறார்கள். சில வேளைகளில் சம்பளத்தையும் நிறுத்திவைக்கிறார்கள். அந்நிலையில் மனம் கசந்த ரசிகன் ஆட்டம் காணப் போக வேண்டுமா, வேண்டாமா? போனால் தவற்றுக்குத் துணைபோனவன் ஆவானா? போகாவிட்டால் நேசித்ததைக் கைவிட்டவன் ஆவானா? பார்வைக்குச் சிறிய இந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. நாம் அன்பு வைத்த ஒன்று தகாதவர் கையில் சிக்கியிருக்கும்போது நம் கடமை யாது என்பதே அது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இரு மாநிலத்துக் கால்பந்தும் சொந்தம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குப் பேருந்தில் போய் ஆட்டம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். பாலக்காட்டிலிருந்து ரயிலேறினால் கொச்சிக்குப் போகலாம். இடுக்கி மலையில் வாழும் நம் உறவினர்க்கோ மூணாறில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி, வெள்ளைத் துரைமார் காலம் முதற்கொண்டே ஒரு திருவிழா. ஆகவே இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். 1997-ஆம் ஆண்டில் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் என்னும் தொழில்முறைக் கழகம் எழுந்தது. அவ்வாண்டே தில்லியில் டூரண்ட் கோப்பையை வென்றது. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, நம் தமிழகத்து இராமன் விஜயன் ஆகியோர் அதன் சட்டை அணிந்தவர்கள். ஐந்தே ஆண்டுகளில், 2002-இல், ஆட்டக்காரர்களின் சம்பளம் நிலுவையில் நிற்க, அக்கழகம் கலைந்து போயிற்று. பெரும் தொழில் நிறுவனங்கள் நடத்திய கழகங்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. மும்பையில் மகிந்திரா யுனைடெட் 2010-இலும், பஞ்சாபில் ஜே.சி.டி. 2011-இலும் மூடப்பட்டன.

நம் அண்டை நகராகிய கோவையின் கதை இன்னும் நெருக்கமானது. சென்னை சிட்டி என்ற பெயரோடு கோவை நேரு விளையாட்டரங்கில் ஆடிய கழகம், 2019 மார்ச் 9-ஆம் நாள் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் பின்தள்ளி, ஐ-லீக் பட்டத்தைத் தனதாக்கிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதே ஆண்டில் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. ஏற்றம் நிலைக்கும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் 2021-22 பருவத்து ஐ-லீக்கில் அக்கழகத்தின் பெயரே இல்லை. அந்த மார்ச் மாலையில் கோவையில் ஆர்ப்பரித்தவர்களுக்கு இன்று ஆதரிக்க அந்தக் கழகம் இல்லை. ஐதராபாத்தும் அவ்வாறே. 2022-இல் கேரள பிளாஸ்டர்ஸை இறுதி ஆட்டத்தில் வென்று வாகை சூடிய அக்கழகம், ஈராண்டுக்குள் சம்பளம் கொடுக்க இயலாது தத்தளித்தது. 2025-இல் பெயரும் மாறி, ஊரும் மாறித் தில்லிக்குப் போய்விட்டது.

இவை ஏன் நிகழ்கின்றன? ஒரு கழகத்தின் வரவு பெரும்பாலும் நான்கு வழிகளில் வருகிறது: நுழைவுச்சீட்டு, விளம்பரதாரர், ஒளிபரப்பு உரிமை, ஆட்டக்காரரை விற்கும் தொகை. செலவில் முதலிடம் சம்பளத்திற்கு. நம் நாட்டில் பல கழகங்களுக்கு இந்த நான்கு வரவும் சேர்ந்தாலும் செலவை எட்டுவதில்லை. எஞ்சிய பள்ளத்தை முதலாளியின் பணமே நிரப்புகிறது. அவருக்கு உற்சாகம் உள்ளவரை கழகம் உண்டு. அது வற்றினால் கழகமும் வற்றும். லீக்கின் நிலையும் இதுவே. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவடைய இருந்தது. புது ஒப்பந்தம் கூடாமையால் அவ்வாண்டு ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆண்டு முடியும்வரை ஒரு பந்தும் உருளவில்லை. எத்தனை இலட்சம் பேர் நேசித்தாலும், ஒரு காகிதம் காலாவதியானால் ஆட்டம் நின்றுவிடும் என்பதை அப்போது கண்டோம்.

இனி வழக்கின் இரு பக்கத்தையும் கேட்போம்.

போகத்தான் வேண்டும் என்பார் கூறுவது இது: கழகம் வேறு, அதை நடத்துவோர் வேறு. தர்மகர்த்தா சரியில்லை என்பதற்காகச் சாமி கும்பிடப் போகாமல் இருப்போமா? களத்தில் ஓடுபவன் இருபது வயதுப் பையன். அவன் எந்தக் கணக்கையும் திருத்தி எழுதவில்லை. காலியான இருக்கைகளுக்கு முன் அவனை ஆடவைப்பது யாரைத் தண்டிப்பது? தோற்கும் நாளிலும் கூட நிற்பவனே உறவு. வென்றால் மட்டும் வருபவன் விருந்தாளி.

போகக் கூடாது என்பார் கூறுவதிலும் உண்மை உண்டு. தர்மகர்த்தா உண்டியலைச் சுரண்டுகிறார் என்று தெரிந்த பின்னும் அதே உண்டியலில் காசு போடுவது பக்தி ஆகுமா? விளம்பரதாரர் வாங்குவது புல்வெளியை அன்று, அதைச் சூழ்ந்திருக்கும் கூட்டத்தை. ஆகவே கூட்டம் என்பதே ரசிகனின் மூலதனம். அதை நிபந்தனை இன்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். வாரந்தோறும் வந்துவிடுவான் என்று தெரிந்தவனிடம் எந்த முதலாளி கணக்குக் காட்டுவான்?

இரு பக்கமும் நியாயமாகத் தோன்றும்போது எப்படித் தீர்ப்பது? இங்கு நமக்கு வழிகாட்ட வள்ளுவர் இருக்கிறார். நட்பைப் பற்றிப் பேச வந்தவர் ஓர் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நட்பு என்று தொடங்கி, நட்பாராய்தல் கூறி, பழைமை என்றோர் அதிகாரம் வைத்து, அதன் பின்னர்த் தீ நட்பு, கூடா நட்பு என்று வரிசைப்படுத்துகிறார். இந்த வரிசையே ஒரு பாடம். நெடுங்காலம் பழகியவர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தல் பழைமை. தன் ஆதாயம் ஒன்றையே கருதி ஒட்டிக்கொண்டிருப்பவரை விடுதல் தீ நட்பின் பாடம். பொறுக்கவும் சொன்னவர் விடவும் சொன்னார். பொறுப்பது அறம் என்பதாலேயே எல்லாவற்றையும் பொறுப்பது அறமாகிவிடாது. எதைப் பொறுப்பது, எதை விடுவது என்று பிரித்தறிவதே அறிவு.

இவ்வளவுகோலை மைதானத்திற்குக் கொண்டுவருவோம். தோல்வி என்பது குற்றம் அன்று. கேரள பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் இறுதி ஆட்டம் வரை சென்று மூன்று முறையும் தோற்றது. அதற்காக ஒருவன் போகாமல் இருந்தால் அவன் ரசித்தது வெற்றியை மட்டுமே. அடுத்தது தவறான முடிவு. பொருந்தாத பயிற்சியாளரை அமர்த்துதல், திறமையானவனை விற்றல் போன்றவை இதில் அடங்கும். இங்கே பொறுமை மட்டும் போதாது. போக வேண்டும், போய்க் குரல் எழுப்பவும் வேண்டும். மூன்றாவது வஞ்சனை. உழைத்தவனுக்குக் கூலி கொடாமை, கணக்கை மறைத்தல், ரசிகனின் அன்பையே ஈடாக வைத்துச் சொந்த ஆதாயம் தேடுதல் ஆகியவை அது. இங்கே காசு கொடுத்துச் சீட்டு வாங்குவது அன்பு ஆகாது. அன்பின் பெயரால் செய்யும் உடந்தை ஆகும்.

இம்மூன்றையும் வேறுபடுத்தியே மக்கள் நடந்துகொண்டதற்குச் சான்றுகள் உள்ளன. கேரள பிளாஸ்டர்ஸின் ரசிகர் கூட்டமாகிய மஞ்ஞப்பட (நம் மொழியில் மஞ்சட்படை), 2024 டிசம்பரில் நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து, கழகத்திடமிருந்து நுழைவுச்சீட்டுப் பெற்று விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அணியை வெறுத்துச் செய்தது அன்று அது. அணியை நடத்துவோரை நோக்கிச் செய்தது. ஜெர்மனியில் 2023 இறுதியில், லீக்கின் வருவாயில் பங்கை வெளி முதலீட்டாளர்க்கு அளிக்கும் திட்டம் வந்தபோது, ரசிகர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. சீட்டு வாங்கி உள்ளே போனார்கள். முதல் 12 நிமிடம் வாய் திறவாமல் நின்றார்கள். டென்னிஸ் பந்துகளைக் களத்தில் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

போகாமல் இருந்து வென்றவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரத்துக் கழகம் 1887-இல் தோன்றியது. அதன் உரிமையாளர்கள் கழகத்தின் பணத்தை முறையற்ற வழியில் எடுத்தனர் என்று 2017-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மற்றொரு பங்குதாரருக்கு 3 கோடியே 10 இலட்சம் பவுனுக்கு மேல் கொடுக்க ஆணையிட்டது. ரசிகர் பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் சொந்த மைதானத்தின் வாயிலைக் கடக்காமல் இருந்தனர். 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் கழகத்தைத் தன் பொறுப்பாளர் கையில் ஒப்படைத்தது. அடுத்த மாதம் 9-ஆம் நாள் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் திரும்பி வந்தனர்.

ஆனால் அங்கு நடந்ததை அப்படியே இங்கு எடுத்துவந்துவிட முடியாது. நூற்றாண்டைக் கடந்த கழகம் முதலாளி மாறினாலும் நிற்கும். அதன் வேர் ஊரில் இருக்கிறது. நம் கழகங்கள் பலவற்றுக்கு வயது பத்தோ பன்னிரண்டோதான். அவற்றின் வேர் முதலாளியின் பணப்பையில் இருக்கிறது. நாம் விலகி நின்றால் அவர் திருந்துவதற்குப் பதில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். ஆதலின் இங்கே போகாமை என்பது கடைசி மருந்து. நோய் இன்னது என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே கொடுக்கத்தக்கது. அதையும் தனி ஒருவன் மௌனமாகச் செய்தால் பயனில்லை. காரணத்தை வெளிப்படச் சொல்லி, பலர் கூடி, எது நடந்தால் திரும்பி வருவோம் என்பதையும் அறிவித்துச் செய்ய வேண்டும். காரணம் சொல்லாத காலி இருக்கை, மழையால் வராதவனின் இருக்கையைப் போலவே தோன்றும்.

இந்தப் பாடத்திற்கு நாம் பிளாக்பூல் வரை போக வேண்டியதும் இல்லை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் ஒன்பது நாள் நடத்திய 'பெண்கள் ஒற்றுமை'ப் போராட்டத்தை நாடறியும். போனஸ் இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டபோது கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். மலையை விட்டுப் போய்விடவில்லை, வேலைக்கும் போகவில்லை. என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள், கிடைத்ததும் திரும்பினார்கள். வயிற்றுப் பாட்டையும் விளையாட்டு ஆர்வத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதாக எவரும் கருத வேண்டா. விலகி நிற்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் காட்டினார்கள். இங்கு நாம் கொள்ள வேண்டியது அதுவே.

அவர்கள் கதையில் மற்றொரு நுட்பமும் உண்டு. 2005-இல் உருவான அந்தத் தோட்டக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்களே. ஆயினும் தங்கள் சொல் கேட்கப்பட அவர்கள் சாலைக்கு வர நேர்ந்தது. ரசிகர்க்குக் கழகத்தில் பங்கு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர் இதைக் கருத வேண்டும். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்று உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அங்கே பலன் தருவது பங்குப் பத்திரம் அன்று, அந்த வாக்கு. பங்கு இருந்தும் குரல் இல்லையேல் அது சுவரில் மாட்டிய படம்.

அப்படியானால் நம் குடும்பத் தலைவர் ஒருவர், மகன் கேட்கும் நுழைவுச்சீட்டுக்குப் பணம் எடுத்துக் கொடுக்குமுன் என்ன செய்யலாம்? தோற்றார்கள் என்று மகன் சலித்தால், கூட்டிக்கொண்டு போகலாம். தோற்பவரோடு நிற்கக் கற்பது அவனுக்கு நாளை உதவும். நிர்வாகம் பிழை செய்கிறது என்று கொதித்தால், போய் அங்கே சொல் என்று அனுப்பலாம். உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை என்று தெரிந்தால், அந்தக் காசை வேறிடத்தில் செலவிடச் சொல்லலாம். ஊர்த் திடலில் நடக்கும் எழுவர் போட்டிக்கு அது போகட்டும்; பந்து வாங்க வழியில்லாத பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகட்டும். கால்பந்தை நேசிப்பதற்கு ஒரே ஒரு வாயில்தான் உண்டு என்று எந்த முதலாளியும் சொல்லிவிட முடியாது.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஊரை விட்டு வந்தோம். ஊரின் மேல் வைத்த அன்பை விட்டு வரவில்லை. சீட்டு வாங்காத நாளிலும் தன் கழகம் தோற்றதா வென்றதா என்று இரவில் வானொலியிலும் கைப்பேசியிலும் தேடுகிறானே, அந்த இளைஞனின் அன்பும் அத்தகையதே. அதை மதிக்கத் தெரிந்த நிர்வாகம் அவனைத் திரும்பப் பெறும். தெரியாத நிர்வாகத்திற்கு, அவன் எதிர்பார்ப்பது இன்னது என்று எடுத்துச் சொல்வது, அவனுடையது மட்டுமன்றி நம் எல்லோருடைய கடமையும் ஆகும்.