சிப்பியும் சித்திரமும்

எது அசல் முத்து, எது செயற்கை என்ற விவாதம் தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1973-ஆம் ஆண்டு இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில், உயிருள்ள சிப்பியின் உடலைக் கீறி, சிறு மணியொன்றையும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே பொதிந்து, முத்து விளைவித்துக் காட்டினார்கள். அதை முத்தென்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் கட்சி. மணியை வைத்தது மனிதக் கை. உறுத்தலைத் தாங்கி, தன் உடம்பின் சுரப்பையே அடுக்கடுக்காய் அதன்மேல் போர்த்தி ஒளியேற்றியது ஓர் உயிரல்லவா?

செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் வரைந்து தரும் தெய்வப் படங்களைக் காணும்போதெல்லாம், அந்தச் சிப்பி எங்கே என்று என் மனம் தேடுகிறது. கட்டளை எழுதுகிறவரைக் கலைஞர் என்கிறார்கள். அவர் மணியை வைத்தவர், அவ்வளவே.

இதே மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976), சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் சந்நிதியில் சில காலம் துறவியாய் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, இத்தனை அனுபவங்களும் உள்ளே ஊறிய பின்னரே, சீடர்கள் சூழ அமர்ந்து தேவதா ரூபங்களைத் தீட்டினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டர்களாக்கி வீடுதோறும் சேர்த்தன. அச்சும் யந்திரந்தானே என்பீர்கள். ஆம், ஆனால் அந்த யந்திரம் ஒருவர் தியானத்தில் கண்டதைப் பல்லாயிரவருக்குப் பகிர்ந்தளித்தது. செயற்கை நுண்ணறிவு என்ற இந்த யந்திரமோ பல்லாயிரவர் கண்டவற்றையெல்லாம் கரைத்து, எவருமே காணாத ஒரு ரூபத்தை வார்க்கிறது.

எங்கள் பூஜையறையில் ஒரு பழைய மீனாட்சி காலண்டர் படம் இருக்கிறது. அம்பாளின் நெற்றிக்கு நேரே, கண்ணாடியின்மேல் என் தாயார் நித்தமும் இட்ட குங்குமம் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. கீழே மளிகைக் கடையின் பெயர் பாதி அழிந்திருக்கிறது. நாளை ஒரு கிழவி யந்திரம் வரைந்த படத்திற்கும் இதே பக்தியோடு குங்குமம் இடக்கூடும். அங்கே தெய்வம் எழுந்தருளாது என்று சொல்ல நான் துணியேன், ஏனெனில் பக்தி வணங்குகிறவருடையது. சிருஷ்டி வேறு விஷயம். வரைகிறவர் தம் ஆயுளில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தாக வேண்டும். யந்திரத்திடம் கொடுப்பதற்கு ஆயுள் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் உள்ள காலண்டர் படத்தின் ஓரத்தில் கொண்டையராஜுவின் கையெழுத்து தென்பட்டால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.