பற்றும் சம்பளமும்

செஞ்சியைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் புலியும் இல்லை, யானைக் கூட்டமும் இல்லை. அதனால் புலிகள் காப்பகங்களுக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் இவற்றை எட்டுவதில்லை. பாக்கம் மலை போன்ற வறண்ட காடுகளில் காவல் என்றால் கோடையில் தீயை அணைப்பது, முயலுக்கு வைத்த கண்ணியை அகற்றுவது, நாட்டுத் துப்பாக்கியோடு இரவில் நுழைபவர்களை மடக்குவது. காட்டுப்பன்றி மணிலாக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போனால் மறுநாள் விவசாயியின் ஏச்சைக் கேட்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமையில் பக்கத்துக் காட்டைக் காப்பவருக்குப் பங்கில்லை.

இப்படிப்பட்ட வேலையில் ஒருவர் ஏன் நிலைத்திருக்கிறார்? காட்டின் மேல் உள்ள பற்றால் என்பார்கள். பலர் விஷயத்தில் அது உண்மையே. ஆனால் அந்த உண்மையிலிருந்து ஒரு கோணல் கணக்கும் பிறக்கிறது: விரும்பித்தானே செய்கிறார், குறைத்துக் கொடுத்தால் என்ன? பற்றைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது அறமா என்பதே கேள்வி.

தமிழக வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் பழங்குடியினரும் காட்டோரக் கிராமத்தவரும். பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பணியையும் தனியார் முகமையிடம் ஒப்படைக்க முயன்றபோது முதுமலை, ஆனைமலைப் பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது.

அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தற்காலிகமாக வந்த எல்லோரையும் நிரந்தரமாக்கினால், தேர்வெழுதிக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு அது அநீதி ஆகாதா? எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆனால் ஆண்டு முழுதும் நடக்கும் வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு வைத்தது யார்? வாழ்வதற்குப் போதுமான கூலி, காப்பீடு, காயம்பட்டால் சிகிச்சை, இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு: இவற்றைத் தர எந்தத் தேர்வும் தேவையில்லை.

மனநிறைவை மட்டும் அளந்து பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் காவலர் ‘பிடித்திருக்கிறது’ என்றே சொல்லக்கூடும். அதைக் கேட்டு நிர்வாகம் நிம்மதி அடைந்தால், அவருடைய நல்ல குணமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். நிறைவு அவர் மனத்தின் செய்தி. நியாயம் அவரை வேலைக்கு வைத்தவரின் கடமை. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருப்பதாக ஆகாது.

சம்பளம் ஒன்றே போதும் என்பதும் சரியல்ல. காவலர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர். வேட்டைக்காரனைப் பிடித்தால் சொந்தபந்தத்தின் பகை வரும். வழக்குப் பதியும் முன்னே மேலிருந்து ஒரு போன் வந்து ஆளை விடச் சொன்னால், அடுத்த இரவு அவர் எதற்காக ரோந்து போக வேண்டும்? அப்படி ஒருமுறை கைவிடப்பட்டவரின் ஊக்கத்தைப் பாராட்டுச் சான்றிதழால் மீட்க முடியாது.

பாராட்டே வேண்டாம் என்பதல்ல. 2023இல் முதுமலை யானை முகாமைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றதும், தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் பணியாளர்கள் 91 பேருக்குத் தலா ரூ.1 லட்சம் அறிவிக்கப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் கேமரா போகாத காட்டில் உழைப்பவருக்கு? பரிசு என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமைக்கு அந்தத் தயவு தேவையில்லை.

ஆகவே ‘காவலரின் ஊக்கத்தைக் கூட்டுவது எப்படி’ என்ற கேள்விக்கு முன், அவருக்குத் தர வேண்டியதைத் தந்தாயிற்றா என்று கேட்க வேண்டும். கூலி, பாதுகாப்பு, சட்டப்படி நடந்தால் துறை உடன் நிற்கும் என்ற உறுதி ஆகியவை கடன். கடனை அடைத்த பிறகே அவருடைய பற்றைப் புகழும் தகுதி நமக்கு வரும். அதற்கு முன் சொல்லும் புகழ்ச்சி, சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் வழி மட்டுமே.