சான்றிதழும் அறமும்

பள்ளி மாணவர் அமைப்புகளுள் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் உயர்கல்வி மாணவர்க்கெனத் தொடங்கப்பெற்றுப் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்த தொண்டமைப்பு, அறவியலின் பழைய வினா ஒன்றை எழுப்புகிறது: பயன் கருதிச் செய்யும் நற்செயல் அறமாகுமா? புறநானூற்றின் 134ஆம் பாடலில் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரன் மறுமைப் பயனுக்காக அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் எனப் போற்றுகிறார். கீதை கூறும் நிஷ்காம கர்மம், அதாவது பயனில் பற்று வையாது வினையாற்றல், இதற்கு அண்மையது.

இவ்வளவுகோலின்படி, சான்றிதழுக்காக நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில் சேரும் மாணவர் குறைபட்டவராகவே தோன்றுவர். ஆயின் நற்பண்பு பிறவியில் அமைவதன்று, நற்செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை; வளரும் பருவத்தினர்க்கு இதுவே பொருந்தும். வருகைப் பதிவேட்டை எண்ணியே முதல் நாள் மண்வெட்டி பிடிக்கும் மாணவர், சீமைக் கருவேல முள் கையில் தைக்க ஊரணிக் கரையைத் துப்புரவு செய்தபின், நீரெடுக்க வந்த மூதாட்டியின் குடத்தைத் தாமே தூக்கி இடுப்பில் வைத்துவிடுவாராயின், அச்செயலுக்குப் பதிவேட்டில் இடமே இல்லை. எனவே குறை சான்றிதழ் வழங்குவதில் இல்லை; நிழற்படம் எடுத்து முடிந்ததும் வெட்டிய முள்ளைக் கரையிலேயே விட்டுச் செல்ல மாணவரைப் பழக்கும் முகாம்களில்தான் உள்ளது.