பழுக்கும்வரை பொறுத்தல்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்குச் சனம் திரளும் காலம், மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசி மண் காய்ந்து கிடக்கும் காலம். பாலைப்பழம் காட்டிலிருந்து சந்தைக்கு வருவதும் அந்தக் கோடையில்தான். முன்பள்ளிப் பிள்ளைக்குச் சமயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தேவாரத்தை மனனம் செய்விப்பதிலிருந்து என்பதே நம்மவர் வழக்கமான விடை. அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பருவத்தில் விளைந்ததைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பருவம் போனபின் கேட்டால் இல்லை என்று சொல்லிக் காத்திருக்கப் பழக்க வேண்டும். சுற்றாடல் பாடம் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் இது, சைவத்தின் அரிச்சுவடி என்பதே என் வாதம்.

உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்கவே அறியும் என்கிறது சைவ சித்தாந்தம். தனு (உடல்), கரணம் (அறிகருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) ஆகிய நான்கையும் இறைவன் உயிருக்குக் கூட்டுவிப்பது அது அறிந்து பக்குவப்படுவதற்காக. அப்படியானால் நாலு வயதுப் பிள்ளையின் விரலும் நாக்கும் அருளின் கருவிகளே. 1939இல் அடையாறுக்கு வந்த மொண்டிசோரி அம்மையாரும் கைவழியே அறிவு வளரும் என்றே ஆசிரியர்களைப் பயிற்றினார். பாலைப்பழம் தின்ற பிள்ளையின் உதடு பாலில் ஒட்டிக்கொள்கிறது. விரல்களை ஒட்டியும் பிரித்தும் பார்க்கிறது. கொட்டையைத் துப்பி மண்ணில் புதைக்கிறது. மறுநாள் தோண்டிப் பார்த்தால் முளை இல்லை. மாரி மழையில் வளர்ந்த வேளாண்மையை வெட்டும் நாளில் ஒரு கதிரைக் கொடுத்து உமி உரிக்கச் சொன்னால், ஒரு வாய்ச் சோற்றுக்கு எத்தனை மணி வேண்டும் என்பது நகத்துக்குத் தெரிந்துவிடும். உயிரை மறைக்கும் மலம் பரிபாகப்படாமல் சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழாது என்று பெரியவர்களுக்குச் சொல்லும் தத்துவம் இந்தக் கால ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. கார்பைட் கல் வைத்த மாங்காயின் தோல் மஞ்சளாகும், உள்ளே சுவை ஏறாது.

புலன்களை அடக்கச் சொல்லும் சமயம் நாவின் ருசியை வளர்க்கலாமா என்று கேட்கலாம். நினைத்தபோதெல்லாம் கிடைப்பதுதான் ஆசையைப் பெருக்குகிறது. பருவமோ கொடுத்துவிட்டுத் தானே நிறுத்திக்கொள்கிறது. கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும் கூடிப் படிக்கும் இடத்தில் இது பொருந்துமா என்றால், முன்பள்ளியில் சித்தாந்தம் பேச வேண்டியதே இல்லை. காத்திருக்கவும் பகிர்ந்துண்ணவும் அங்கே பழகட்டும். கொடுத்தவன் யார் என்பதை அவரவர் வீடு சொல்லிக்கொள்ளும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. போரும் கடற்கோளும் விலைவாசியும் பார்த்த இந்தக் கரையில், இல்லாமையிலேயே வளரும் பிள்ளைக்கு இல்லை என்பதை நாம் வேறு கற்பிக்க வேண்டுமா? வேண்டும் என்றே சொல்வேன். பருவத்தின் ‘இல்லை’ மாடிவீட்டுக்கும் ஓலைக்குடிசைக்கும் ஒன்றுதான். காலம் வந்தால் அது தீரும். வறுமையின் ‘இல்லை’ ஆள் பார்த்து விழுவது. மனிதர் மாற்றாமல் தீராதது. இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் விதி என்று பிள்ளையைப் பொறுக்கச் சொல்லும்போதுதான் சமயம் அநீதிக்குத் துணைபோகிறது. எதற்குப் பொறுக்க வேண்டும் என்பதைக் கையால் அறிந்த பிள்ளை, எதற்குப் பொறுக்கக்கூடாது என்பதையும் ஒருநாள் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சாத சமயக் கல்வியே பிள்ளைக்குக் கொடுக்கத் தக்கது.